பழைய சின்ன ட்ரக்டர் வாங்கினீர்களா? வயலில் இறக்குமுன் பார்க்க வேண்டியவை

ஆவணி, புரட்டாதி வந்தால் திருகோணமலை மாவட்டத்தில் கந்தளாய், தம்பலகாமம், கிண்ணியா, மூதூர்ப் பக்கங்களில் பழைய மெசின்கள் கைமாறத் தொடங்கிவிடும். பெரும்போக உழவுக்குக் கூலி மெசினை நம்பி நிற்பதைவிடச் சொந்தமாக ஒன்று இருந்தால் நிம்மதி என்பது எல்லோருக்கும் தெரியும். நாலைந்து ஏக்கர் செய்கிறவர்களுக்கு மெஸி பேர்கசன் அளவுக்குப் பெரியது தேவையில்லை. ஜப்பானில் பாவித்துவிட்டு இங்கே வந்த குபோட்டா, யன்மார், இசெக்கி போன்ற 15 முதல் 25 குதிரைவலுச் சின்ன ட்ரக்டர்களே போதும். டீசல் அளவாகக் குடிக்கும், சின்ன வரவைக்குள்ளும் லேசாகத் திரும்பும், சேற்றிலும் பாரமில்லாமல் ஓடும்.

ஆனால் இன்றைக்கு வாங்கி நாளைக்கே ரொட்டவேற்றரை (சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் கருவி) கொழுவி வயலில் இறக்கிவிடுகிறார்கள். அது வேண்டாம். ஒரு கிழமை முற்றத்தில் நிறுத்தி வைத்து, கீழே சொல்லும் வேலைகளைச் செய்துவிட்டு இறக்குங்கள். விற்றவர் நல்லவராகவே இருக்கலாம். இருந்தாலும் அவருக்கு முன்னால் அதை வைத்திருந்தவர் என்ன செய்தார் என்று அவருக்கும் தெரியாது. மெசினுக்குள் கிடக்கும் ஒயிலுக்கும் தண்ணீருக்கும் அது தெரியும். அவற்றைத் திறந்து பார்த்தால் பாதிக் கதை வெளியே வந்துவிடும். நெல் வயலில் ஓடிய மெசினுக்கு எஞ்சின் தேய்ந்து சாவு வருவது குறைவு. போகக்கூடாத இடத்துக்குத் தண்ணீர் போய்த்தான் பெரும்பாலும் நாசமாகிறது. இந்தக் கட்டுரையில் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன்.

முதலில் தகடும் புத்தகமும்

பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் இலக்கமும் சேசி இலக்கமும் மெசினில் அடித்திருக்கும் இலக்கங்களும் ஒன்றாக இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். லீசிங் கடன் ஏதும் மிச்சம் இருக்கிறதா என்றும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். காசு கொடுக்க முன்னர் பார்க்க வேண்டியது இது. பார்க்காமல் வாங்கியிருந்தால் இன்றைக்காவது பாருங்கள்.

இலக்கத் தகட்டைக் கழுவி, கைபேசியில் படம் பிடித்து வையுங்கள். உதிரிப்பாகம் வாங்கப் போகும்போது அதுதான் உதவும். குபோட்டாவில் மாதிரி எண்ணுக்குப் பின்னால் ‘டீ.ரி.’ என்றிருந்தால் நான்கு சில்லும் இழுக்கும் மெசின். யன்மாரில் ‘டீ’ என்று மட்டும் இருக்கும். குபோட்டாவில் ‘பி’ வரிசை சிறியது, ‘எல்’ வரிசை கொஞ்சம் பெரியது. ஜப்பான் சந்தைக்கென்று செய்த மாதிரிகளுக்குப் பாகம் கேட்டால் கடைக்காரருக்கு உடனே பிடிபடாது. திருகோணமலை ரவுனில் கிடைக்காவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குச் சொல்லி எடுப்பிக்க வேண்டி வரும். அப்போது படமும் கழற்றிய பழைய சாமானும் கையில் இருந்தால் பிழையான சாமான் வந்து சேராது.

லீவர்களுக்குப் பக்கத்தில் ஜப்பான் எழுத்தில் ஒட்டியிருப்பவற்றை யாரையாவது கொண்டு, அல்லது கைபேசியில் மொழிபெயர்த்து, பக்கத்திலேயே பெயின்றால் தமிழில் எழுதிவிடுங்கள். எந்த லீவர் பி.ரி.ஓ. (ரொட்டவேற்றரைச் சுற்றவைக்கும் பின் தண்டு), எது நான்கு சில்லு, எது வேகப் பிரிவு என்று வீட்டில் மெசினைத் தொடக்கூடிய எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கழுவுங்கள், பிறகு கசிவைத் தேடுங்கள்

சேறும் கிறீஸும் அப்பிய மெசினில் எந்தக் கசிவும் தெரியாது. நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிட்டு, அரை மணித்தியாலம் ஓட விடுங்கள். பிறகு கடதாசி மட்டைகளை அடியில் விரித்துவிட்டு இரவு முழுக்க நிறுத்துங்கள். காலையில் மட்டையில் எங்கே, என்ன நிறத்தில் துளி விழுந்திருக்கிறது என்று பார்த்தால் எந்த சீல் போயிருக்கிறது என்று தெரிந்துவிடும். கழுவும்போது டைனமோ, ஸ்ராட்டர், டீசல் பம்ப், எயார் கிளீனர் வாய் ஆகியவற்றுக்கு நேரே தண்ணீரைப் பீச்சக்கூடாது.

மணி காட்டும் மீற்றரை நம்பி முடிவெடுக்காதீர்கள். கிளச், பிரேக் மிதிகளின் இறப்பர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, பி.ரி.ஓ. தண்டின் பல்லுகள் கூராகியிருக்கிறதா, முன் அச்சின் நடுப் பின்னைச் சுற்றி எவ்வளவு ஆட்டம் இருக்கிறது என்று பாருங்கள். 800 மணித்தியாலம் காட்டுகிற மெசினில் மிதி இரும்பு பளபளத்துக் கிடந்தால் நம்ப வேண்டியது மிதியைத்தான்.

ஒயில்களைத் திறந்து பார்த்தல்

இந்த வேலைக்கு ஒரு முழுநாளை ஒதுக்குங்கள். ஒரு வெள்ளைக் கண்ணாடிப் போத்தல், ஒரு பழைய தாச்சி, சீலைத் துண்டு, ஸ்பனர்கள், ஒரு காந்தம் இருந்தால் போதும்.

எஞ்சின் ஒயிலில் இருந்து தொடங்குங்கள். காலையில், மெசினை ஸ்ராட் பண்ண முன்னர், ஒயில் கம்பியை இழுத்துப் பாருங்கள். டீசல் எஞ்சினில் ஒயில் கறுப்பாக இருப்பது வழமை, அதற்குப் பயப்பட வேண்டாம். பால்தேநீர் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. ஹெட் கஸ்கெட்டோ வேறு எதுவோ கசிகிறது என்று அர்த்தம், அதை மெக்கானிக்கிடம் காட்டாமல் ஓட்டாதீர்கள். அளவு மேல் கோட்டையும் தாண்டி நின்று, மணந்து பார்த்தால் டீசல் வாசம் அடித்தால், பம்ப் பக்கத்தால் டீசல் உள்ளே இறங்குகிறது. டீசல் கலந்த ஒயில் மெலிந்து பேரிங்கைத் தின்றுவிடும். இந்த இரண்டும் இல்லையென்றால் பத்து நிமிடம் ஓடவிட்டு, சூட்டோடு சூடாக வடி போல்றைக் கழற்றி முழுவதையும் வடியுங்கள். பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றுங்கள். எப்போது மாற்றியது என்று தெரியாத ஒயிலில் ஓடுவதைவிட இன்றைக்குப் புதிது போட்டு, அந்த மணியைப் பெயின்றால் மூடியில் எழுதி வைப்பது நல்லது. எங்கள் வெயிலுக்கு 15டபிள்யூ-40 டீசல் எஞ்சின் ஒயில் பொருந்தும்.

வடித்த ஒயிலுக்குள் காந்தத்தை விட்டு ஆட்டிப் பாருங்கள். மை போல மெல்லிய கறுப்புப் பசை ஒட்டினால் சாதாரணத் தேய்மானம். விரலில் உறுத்துகிற துகளோ செதிலோ வந்தால் அதைக் கடதாசியில் சுற்றி வைத்து மெக்கானிக்கிடம் கொண்டு போங்கள். புதிய பில்டரைப் பூட்டும்போது அதன் இறப்பர் வளையத்தில் கொஞ்சம் ஒயில் தடவி, வளையம் தொட்ட பிறகு கையாலேயே முக்கால் சுற்று இறுக்கினால் போதும். சாவி போட்டு இறுக்கினால் அடுத்த முறை கழற்றும்போது நீங்கள்தான் அவதிப்படுவீர்கள். அடுத்த மாற்றத்தை 100 மணித்தியாலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மெசின் எப்படிப்பட்டது என்று தெரிந்த பிறகு அதன் கைநூல் சொல்லும் இடைவெளிக்குப் போகலாம்.

அடுத்தது கியர் பெட்டி. சின்ன ட்ரக்டர்களில் அநேகமானவற்றில் கியர், பின் அச்சு, ஹைட்ரோலிக் மூன்றுக்கும் ஒரே ஒயில். பெரிய அளவு, விலையும் அதிகம். அதனால்தான் பலர் இதைத் தொடுவதே இல்லை. முழுவதையும் வடிக்க முன்னர் ஒரு சோதனை செய்யலாம். இரண்டு நாள் ஓட்டாமல் நிறுத்தி வையுங்கள். பிறகு அடி போல்றை மெல்லத் தளர்த்தி, முதலில் வருவதை அந்தக் கண்ணாடிப் போத்தலில் ஒரு கோப்பை அளவு பிடியுங்கள். தண்ணீர் ஒயிலைவிடப் பாரம், அது அடியில்தான் கிடக்கும். நல்ல மெசின் என்றால் முதல் துளியில் இருந்தே ஒயில் வரும். இல்லையென்றால் முதலில் மண்ணிறத் தண்ணீர் ஒரு வாய் வந்து, அதற்குப் பின்னால் கலங்கிய ஒயில் வரும். போத்தலை வெளிச்சத்துக்குப் பிடித்தால் இரண்டுக்கும் நடுவே கோடு பிரிவதைக் காணலாம். அப்படி வந்தால் விலையைப் பார்க்காமல் எல்லாவற்றையும் வடித்து, வலைப் பில்டரைக் கழற்றிக் கழுவி, கியர்–ஹைட்ரோலிக் இரண்டுக்கும் பொதுவான ட்ரக்டர் ஒயிலைப் புதிதாக நிரப்புங்கள். எஞ்சின் ஒயிலை இதற்குள் ஊற்றக்கூடாது. பிரேக்கும் இதே ஒயிலில் நனைந்து ஓடும் மெசின் என்றால் அது இன்னும் கெடுதல்.

தண்ணீர் எப்படி உள்ளே போகிறது என்று கேட்கலாம். மத்தியானம் முழுக்க ஓடிச் சூடான கியர் பெட்டி, சேற்றுத் தண்ணீருக்குள் இறங்கினதும் குளிரும். உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சுருங்கும்போது எங்காவது இருந்து இழுக்க வேண்டும். மேலே உள்ள மூச்சுத்துளை சேற்றால் அடைபட்டிருந்தால், தேய்ந்த சீல் விளிம்பால் தண்ணீரைத்தான் இழுக்கும். ஆகவே மூச்சுத்துளையைத் தேடிப் பிடித்துத் துப்புரவாக்குங்கள். பெரும்பாலும் கியர் லீவருக்குக் கிட்ட, சின்ன மூடி போல இருக்கும். லீவர்களின் அடியில் உள்ள இறப்பர் உறைகள் கிழிந்திருந்தால் மாற்றுங்கள். மலிவான சாமான் அது, மழை முழுக்க அதற்குள்ளால்தான் இறங்குகிறது.

நான்கு சில்லு இழுக்கும் மெசின் என்றால் முன் அச்சுக்கும் தனி ஒயில் இருக்கும். என் எண்ணத்தில் இந்த மாவட்டத்தில் அதிகம் பாழாவது இந்த இடம்தான். முன் சில்லின் உட்புறத்தில் கீழ்நோக்கி இறங்கும் கியர்க் கூடு ஒவ்வொரு உழவுக்கும் சேற்றுக்குள் மூழ்குகிறது. அதன் சீல் வெளிப்பார்வைக்குத் தெரியாது, கசிந்தாலும் சேறு மூடிவிடும். இரண்டு பக்கமும் தனித்தனியாக அடி போல்றைக் கழற்றி அதே போத்தல் சோதனையைச் செய்யுங்கள். ஒரு பக்கத்தில் தண்ணீர் வந்தால் சீலை மாற்ற வேண்டும். வெறுமனே ஒயிலை மாற்றிவிட்டு விட்டால் அடுத்த மறுத்துழவுக்குள் பழையபடி ஆகிவிடும். பெரும்போகம் முடிந்ததும் ஒருமுறை, சிறுபோகம் முடிந்ததும் ஒருமுறை இதைத் திறந்து பார்ப்பதை வழக்கமாக்குங்கள்.

ரேடியேற்றர்

சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கக்கூடாது. கொதிநீர் முகத்தில் அடிக்கும். ஆறிய பிறகு திறந்தால், துருத் தண்ணீர் கிடந்தால் வடித்து, வெளியேறும் தண்ணீர் தெளியும்வரை கழுவி, ரேடியேற்றர்க் குளிர்திரவத்தைச் சரிக்குச் சரி நல்ல தண்ணீரோடு கலந்து ஊற்றுங்கள். எங்களுக்குப் பனி இல்லையே, எதற்கு இது என்று சிலர் கேட்பார்கள். துருப்பிடிக்காமல் காப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் எங்களுக்கும் வேண்டியவைதான். நிலாவெளி, குச்சவெளி போன்ற கரையோர ஊர்களில் கிணற்றுத் தண்ணீர் உவராக இருந்தால் அதை ரேடியேற்றருக்கு ஊற்றாதீர்கள். பற்றரிக்கு விற்கும் வடித்த தண்ணீர், இல்லையேல் சுத்தமாகப் பிடித்த மழைத்தண்ணீர் பாவியுங்கள்.

வெளிப்பக்கம் பதரும் வைக்கோல் தூசியும் புல்விதையும் அடைந்து கிடக்கும். எஞ்சின் பக்கத்தில் இருந்து முன்நோக்கிக் காற்றோ மெல்லிய தண்ணீரோ அடித்தால் வந்த வழியே போய்விடும். முன்னாலிருந்து அடித்தால் இன்னும் உள்ளே இறுகும். பெல்றின் நடுவில் பெருவிரலால் அமத்தும்போது ஏறத்தாழ 10 மில்லிமீற்றர் தாழ வேண்டும்.

எயார் கிளீனர்

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் காய்ந்த தரை உழவில் எழும் புழுதி எஞ்சினுக்கு நஞ்சு. கடதாசிப் பில்டர் என்றால் தண்ணீரில் கழுவக்கூடாது. மெல்லத் தட்டி, உள்ளிருந்து வெளியே குறைந்த காற்றழுத்தத்தில் ஊதலாம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஊசித்துளை தெரிந்தால் எறிந்துவிடுங்கள். ஒயில் தொட்டி வகை என்றால் தொட்டியைக் கழுவிப் புது ஒயில் கோட்டு அளவுக்கு ஊற்றுங்கள். பில்டரில் இருந்து எஞ்சினுக்குப் போகும் இறப்பர்க் குழாயின் கிளிப்பும் வெடிப்பும் பலர் பார்க்காமல் விடுவது. குழாய் வெடித்திருந்தால் எவ்வளவு நல்ல பில்டர் போட்டும் பயனில்லை.

ஸ்ராட் ஆகவில்லை

புதிதாக வாங்கியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். மெக்கானிக்கைக் கூப்பிட முன்னர் ஒரு ஒழுங்கில் பார்த்துக்கொண்டு போங்கள்.

சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லையா? கிளச்சை முழுவதும் மிதித்தீர்களா, பி.ரி.ஓ. லீவரும் வேகப் பிரிவு லீவரும் நடுவில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பல மெசின்களில் இவை சரியாக இல்லாவிட்டால் ஸ்ராட்டருக்கு மின் போகாது. அப்புறம் முன் விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். விளக்கு மங்கி அணைந்தால் பற்றரியோ அதன் முனைகளோ பிழை. விளக்கு அப்படியே பிரகாசமாக இருந்தால் பற்றரியில் குறையில்லை, சுவிச், வயர், ஸ்ராட்டர் பக்கம் தேடுங்கள். சின்ன மல்ரிமீற்றர் ஒன்று வாங்கி வைத்திருப்பது நல்லது. முழுச் சார்ஜில் நிற்கும் பற்றரி 12.6 வோல்ற் காட்டும். 12க்குக் கீழே போனால் சார்ஜ் இல்லை. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்டினால் டைனமோ சரி. கடற்காற்றுப் படும் ஊர்களில் பற்றரி முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். சுடுதண்ணீர் ஊற்றித் தேய்த்து, இறுக்கி, மேலால் வாசலின் பூசிவிடுங்கள். பாதி முறைப்பாடுகள் இத்தோடு தீரும். ஒன்றைக் கழற்றுவதென்றால் முதலில் கழற்றுவது நெகற்றிவ் பக்கம், கடைசியாகப் பூட்டுவதும் அதுதான்.

ஸ்ராட்டர் சுற்றுகிறது, ஆனால் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் முதலில் நிறுத்துக் கம்பியைப் பாருங்கள். பழைய மாதிரிகளில் எஞ்சினை நிறுத்த ஒரு குமிழை இழுக்க வேண்டும். இழுத்ததை உள்ளே தள்ளாமல் விட்டால் எத்தனை நாள் சுற்றினாலும் டீசல் போகாது. அடுத்தது குளிர்ந்த எஞ்சினை முன்சூடாக்கும் ஹீட்டர் பிளக். காலையில் சாவியை ஹீட்டர் நிலையில் ஐந்து முதல் பத்து வினாடி பிடித்துவிட்டு ஸ்ராட் பண்ணுங்கள். ஸ்ராட்டரை ஒரே மூச்சில் பத்து வினாடிக்கு மேல் அழுத்தாமல், ஒரு நிமிடம் ஆறவிட்டு மறுபடி முயலுங்கள். எயார் கிளீனருக்குள் ஈதர் ஸ்பிரேயோ பெற்றோல் நனைத்த துணியோ வைத்துப் பிடிக்கவைக்கும் வழக்கம் இருக்கிறது. ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினுக்கு அது வேண்டவே வேண்டாம். சூடான பிளக்கில் பட்டு உள்ளேயே வெடித்து பிஸ்டன் உடையும், ஆளுக்கும் ஆபத்து.

பிறகு டீசல். டாங்கியின் அடியிலும் கண்ணாடிக் கிண்ணத்திலும் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். நீண்டநாள் நின்ற மெசினின் டாங்கியில் கறுப்புச் சளி போல ஒன்று படிந்திருக்கும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் வளரும் நுண்ணுயிர் அது. அப்படியென்றால் டாங்கியைக் கழற்றிக் கழுவுவதைத் தவிர வழியில்லை. 2022இல் டீசலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் கான்களில் சேர்த்து வைக்கும் பழக்கம் வந்தது. கானில் வைத்ததை ஊற்றுவதாக இருந்தால் ஒரு நாள் அசையாமல் வைத்து, அடியில் உள்ளதை விட்டுவிட்டு மேலே உள்ளதைத் துணியால் வடித்து ஊற்றுங்கள். வேலை முடிந்து விடும்போது டாங்கியை நிரப்பி விடுவது நல்லது. வெற்றிடம் இருந்தால் இரவுக் குளிரில் ஈரம் கட்டி அதுவும் தண்ணீராகச் சேரும்.

டீசல் பில்டரை மாற்றினாலோ டாங்கி வற்றினாலோ டீசல் குழாய்களுக்குள் எயார் (காற்று) பிடித்துக்கொள்ளும். எடுப்பது கஷ்டமில்லை. டாங்கியில் பாதிக்கு மேல் டீசல் இருக்கட்டும், குழாய் திறந்திருக்கட்டும். பில்டரின் மேலே உள்ள சின்ன போல்றைத் தளர்த்துங்கள். குமிழி குமிழியாக நுரைத்து வரும். கைப்பம்ப் இருந்தால் அடியுங்கள், மின்பம்ப் என்றால் சாவியைப் போட்டுவிட்டு நில்லுங்கள். குமிழி நின்று சுத்தமாக டீசல் வழியும்போது இறுக்குங்கள். பிறகு டீசல் பம்பில் உள்ள போல்றிலும் அதேபோல. அதற்கும் பிடிக்காவிட்டால் நொசில் (எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சும் முனை) குழாய்களின் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தி, ஒருவர் ஸ்ராட்டரைச் சுற்ற, டீசல் துள்ளி வரும்போது இறுக்குங்கள். அந்த நேரம் கையையோ முகத்தையோ கிட்டக் கொண்டுபோகக்கூடாது. நொசில் வழியே வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகக்கூடிய அழுத்தத்தில் வரும். அப்படிப் பட்டால் காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே ஆசுபத்திரிக்குப் போக வேண்டும். ஓடும் மெசினில் கசிவு தேடுவதும் மட்டைத் துண்டால்தான், விரலால் அல்ல.

பிடித்த பிறகு புகையைப் பாருங்கள். பாரம் ஏறும்போது கறுப்பு வந்தால் காற்று போதவில்லை அல்லது மெசினுக்கு மிஞ்சிய வேலை. வெள்ளைப் புகை கொஞ்ச நேரத்தில் தெளிந்தால் குளிர்ச்சிதான். தெளியாமல் நின்றால் நொசில், அல்லது உள்ளே போகும் தண்ணீர். நீலம் என்றால் ஒயில் எரிகிறது, ரிங் தேய்மானத்தைப் பற்றி யோசிக்க வேண்டிய நேரம்.

தூக்குதல், கிளச், பி.ரி.ஓ.

ஹைட்ரோலிக் இறங்கவே மாட்டேன் என்கிறது என்று புதியவர்கள் பதறுவார்கள். இருக்கைக்கு முன்னால் கீழே ஒரு குமிழ் இருக்கும். இறங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது அது. முழுவதும் இறுக்கியிருந்தால் கலப்பை மேலேயே நிற்கும். தளர்த்தினால் சரி. தூக்காமல் தள்ளாடினால் ஒயில் அளவையும் வலைப் பில்டரையும் பாருங்கள். முந்திச் சொன்ன கழுவலைச் செய்திருந்தால் பெரும்பாலும் அதிலேயே சரியாகியிருக்கும். தூக்கி நிற்கும் ரொட்டவேற்றருக்கு அடியில் மரக்குற்றி வைக்காமல் கையை விடாதீர்கள். எஞ்சின் நின்றிருந்தாலும் லீவரில் கை பட்டால் அது இறங்கும்.

கிளச் மிதி தொடக்கத்தில் 20 முதல் 30 மில்லிமீற்றர் வரை சும்மா தாழ வேண்டும். அந்த ஆட்டம் இல்லையென்றால் கிளச் எப்போதும் அரைகுறையாகத் தேய்ந்துகொண்டிருக்கும். காலை மிதியில் வைத்துக்கொண்டே உழுவதும் அதேதான். இடது, வலது பிரேக் மிதிகள் இரண்டும் ஒரே அளவு தாழ வேண்டும். தெருவில் ஓடும்போது இரண்டையும் கொழுவி ஒன்றாக்குங்கள். வேகத்தில் ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் மெசின் சுழன்று கவிழும். தார் ரோட்டில் நான்கு சில்லு இழுவையை எடுத்துவிடுங்கள். முன் சில்லு பின் சில்லைவிடக் கொஞ்சம் வேகமாக ஓடும்படி கணக்குப் போட்டுச் செய்திருக்கிறார்கள். சேற்றில் அது உதவும், தாரில் ரயரையும் கியரையும் தின்னும். அதே காரணத்தால் முன் ரயரை மாற்றும்போது பழைய அளவையே போடுங்கள், கிடைத்ததைப் போடாதீர்கள்.

ஜப்பான் மெசின்களில் பி.ரி.ஓ.வுக்கு இரண்டு மூன்று வேகங்கள் இருக்கும். இங்கே விற்கும் ரொட்டவேற்றர்கள் நிமிடத்துக்கு 540 சுற்றுக்குச் செய்தவை. ஆகவே முதலாம் வேகத்தைப் பாவியுங்கள். மேல் வேகத்தில் போட்டால் மண் நன்றாகப் பொடியாகிறது என்று சொல்வார்கள். பேரிங்கும் சங்கிலியும் அதற்கு விலை கொடுக்கும். 20 குதிரைவலு மெசினுக்கு நான்கடி ரொட்டவேற்றர் அளவானது. புதிதாக ஒன்றைக் கொழுவும்போது தண்டின் நீளத்தைப் பார்த்தே ஆக வேண்டும். தூக்கியும் இறக்கியும் பாருங்கள். மிகக் கிட்ட வரும் நிலையில் உட்குழாய் முட்டக்கூடாது, முட்டினால் கியர் பெட்டியின் பின் கூடே வெடிக்கும். மிகத் தூரப் போகும் நிலையில் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும்.

அந்தத் தண்டுக்கு மேல் பிளாஸ்ரிக் உறை இல்லாமல்தான் அநேக பழைய மெசின்கள் வரும். உறை வாங்கிப் போடுங்கள். சாரத்தோடு மெசினில் ஏறாதீர்கள், ஏற விடாதீர்கள். நிமிடத்துக்கு 540 என்றால் ஒரு வினாடிக்கு ஒன்பது சுற்று. சாரத்தின் நுனி தண்டின் மூட்டுக் குறுக்கில் சிக்கினால் கையால் பிடித்து இழுக்க நேரமே கிடைக்காது. கட்டைக் காற்சட்டை போட்டுக்கொண்டு வயலுக்குப் போவதில் ஒரு குறைவும் இல்லை. பின்னால் நின்று புல்லை இழுத்துவிடுகிற பிள்ளைகளையும் தூர நிறுத்துங்கள்.

சேற்றில் புதைந்தால்

அல்லைப் பக்கமும் தம்பலகாமத்துப் பள்ளக் காணிகளும் உழுதவர்களுக்கு இது தெரியும். பின் சில்லு புதைந்து சுற்றத் தொடங்கினதும் சில்லுக்குக் குறுக்கே மரக்கட்டையைக் கட்டி ஏற்ற முயலுவார்கள். இதைச் செய்யவே செய்யாதீர்கள். சில்லு நகர முடியாமல் பிடிபட்டால் எஞ்சினின் சக்தி முழுவதும் மெசினின் முன்பக்கத்தைத் தூக்கும். முன் சில்லு எழும்பி, பின்னோக்கிக் கவிழ்ந்து ஓட்டுநர் மேல் விழ ஒன்றிரண்டு வினாடி போதும். குதிக்க நேரம் இல்லை. இந்தச் சின்ன மெசின்களில் பலவற்றுக்குக் கவிழ்ந்தால் காக்கும் இரும்பு வளையமும் கிடையாது.

புதைந்தால் சில்லைச் சுற்றுவதை உடனே நிறுத்துங்கள். ரொட்டவேற்றரைத் தூக்குங்கள், பின்னோக்கி எடுக்க முடியுமா என்று மெல்லப் பாருங்கள். வராவிட்டால் ரொட்டவேற்றரைக் கழற்றி, சில்லுக்கு முன்னாலும் பின்னாலும் மண்ணை வெட்டி, பலகை போட்டு, இன்னொரு மெசினைக் கொண்டு கீழ் இழுவைக் கம்பியில் மட்டும் கட்டி இழுப்பியுங்கள். மேல் இணைப்பில் கட்டினால் அதுவும் கவிழ்க்கும். கயிறோ சங்கிலியோ அறுந்தால் அடிக்கும் தூரத்தில் யாரும் நிற்கக்கூடாது. வரம்பைக் கடக்கும்போது நேரே குறுக்காக, மெதுவாக ஏறுங்கள். உயரமான வரம்பு என்றால் மண்வெட்டியால் கொஞ்சம் சரித்துவிட்டு ஏறுவது ஐந்து நிமிட வேலை.

உழவு நாட்களிலும் அதற்குப் பிறகும்

உழவு காலத்தில் தினமும் காலையில் எஞ்சின் ஒயில், ரேடியேற்றர்த் தண்ணீர், கண்ணாடிக் கிண்ணம், சில்லு நட்டுகள் பார்க்க வேண்டும். கிறீஸை மாலையில், மெசின் சூடாக இருக்கும்போதே அடிப்பது எனக்குப் பிடித்த முறை. இரவில் உள்ளே தண்ணீர் இழுபடாமல் அது அடைத்து நிற்கும். முன் அச்சின் நடுப் பின், ஸ்ரியறிங் மூட்டுகள், மிதிகளின் அச்சு, பி.ரி.ஓ. தண்டின் குறுக்குகள் என்று ஒவ்வொன்றிலும் சேறு கலந்த பழைய கிறீஸ் வெளியே தள்ளி, புதுக் கிறீஸின் நிறம் தெரியும்வரை அடியுங்கள். ஒரு துளையில் ஏறவில்லை என்றால் அடுத்ததுக்குப் போய்விடாமல் அந்த நிப்பிளைக் கழற்றித் துளையைக் குத்தி எடுங்கள். அடைபட்ட மூட்டுத்தான் முதலில் தேயும்.

போகம் முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, கூரை போட்ட கொட்டகைக்குள், சில்லுகளைப் பலகைமேல் ஏற்றி நிறுத்துங்கள். எஞ்சின் ஒயிலை மாற்றிவிட்டு நிறுத்துவது நல்லது, பழைய ஒயிலில் உள்ள அமிலம் சும்மா நிற்கும்போதுதான் அரிக்கும். பற்றரியின் நெகற்றிவ் முனையைக் கழற்றி, மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றுங்கள். புகைக்குழாயின் வாயை ஒரு தகரப் பேணியால் மூடிவிடுங்கள், வாடைக்காற்று மழை நேரே உள்ளே இறங்கும். கடைசியாக, கிளச் மிதியை முழுவதும் அமத்தி, அது மேலே வராதபடி ஒரு மரத்துண்டால் முட்டுக் கொடுத்து வையுங்கள். மாதக்கணக்கில் நின்றால் ஈரத்தில் கிளச் தட்டு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டினால் அதைப் பிரிக்க மெசினை நடுவால் இரண்டாகக் கழற்ற வேண்டி வரும்.